கனமான குண்டை ஏற்றும் முன் குழலை அளந்து பாருங்கள்: பழைய வேட்டை ரைஃபிள்களுக்கு

8×57 என்ற ஒரே தோட்டாப் பெயரில் இரண்டு குண்டளவுகள் இருக்கின்றன. 1888-இல் ஜெர்மன் ராணுவத்துக்காக வந்த தோட்டாவில் குண்டின் விட்டம் 0.318 அங்குலம், எடை 14.7 கிராம். கிரெய்ன் கணக்கில் அது ஏறத்தாழ 227. உருண்டை மூக்கு. 1905-இல் இலேசான கூர்மூக்குக் குண்டு வந்தபோது விட்டம் 0.323 ஆனது. ராணுவம் மாறிய வேகத்தில் வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் மாறவில்லை. பழைய அளவிலேயே குழல் போட்ட ரைஃபிள்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பட்டறைகளிலிருந்து வந்துகொண்டிருந்தன. இன்று கடையில் கிடைக்கும் 0.323 குண்டை அந்தக் குழலில் செலுத்தினால், ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம் அதிகமான உலோகம் நசுங்கித்தான் உள்ளே போக வேண்டும். தோட்டா அமரும் அறையான சேம்பரில் அழுத்தம் எகிறும். இன்றைய பெயரிடலில் முதலாவது 8×57 ஜே, இரண்டாவது 8×57 ஜேஎஸ். ஆனால் நூறு வயதான ஒரு குழலின் மேல் அந்த 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் வெறுமே 7.9 என்றுகூடப் பொறித்திருக்கலாம்.

அதனால் பழைய ரைஃபிளுக்குக் கனமான குண்டு தேடும் எவரும் வெடிமருந்து அட்டவணையைத் திறப்பதற்கு முன் குழலை அளக்க வேண்டும். குழலின் உள்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளத்தின் விட்டம், அந்தச் சுருளான புரியின் சுழற்சி, சேம்பருக்கும் புரிக்கும் நடுவிலுள்ள தொண்டையின் நீளம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால்தான் எந்தக் குண்டை வாங்குவது என்றே முடிவு செய்ய முடியும். மருந்தின் அளவை இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்கள் தோட்டாவுக்கும் சுடும்போது உங்கள் ரைஃபிளின் சேம்பரை அடைத்து நிற்கும் பூட்டின் வலிமைக்கும் என்று அச்சிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே வர வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. தோட்டா தயாரிக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். கீழே வருவது அமெரிக்கா, கனடா போல, வீட்டில் தோட்டா ஏற்றுவது சட்டப்படி நடக்கும் நாடுகளில் பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு.

பள்ளத்தின் விட்டம்

ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, சேம்பரை மூடும் போல்ட்டைக் கழற்றி வையுங்கள். அடுத்து, குழலைச் சுத்தம் செய்யுங்கள். இது ஒப்புக்குச் செய்யும் வேலை அல்ல. பள்ளங்களில் படிந்த செம்பு அப்படியே இருந்தால் நீங்கள் அளப்பது குழலை அல்ல, செம்பின் மேற்பரப்பை. செம்பைக் கரைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தை ஊற விட்டு, வெண்கல பிரஷ் போட்டு, துணித்துண்டு நீலமோ பச்சையோ இல்லாமல் வெள்ளையாக வெளியே வரும்வரை செய்யுங்கள். பழைய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால் முதலில் வெந்நீர், பிறகு உலர்த்தல், அதன் பிறகு எண்ணெய்.

அளப்பதற்குத் தூய ஈயம் வேண்டும். மீன்பிடி ஈயமோ, முன்வாய் ஏற்றும் துப்பாக்கிக்கான ஈய உருண்டையோ போதும். நகத்தால் கீறினால் ஆழமாகக் கோடு விழ வேண்டும். கார் சக்கர எடைக்கட்டியின் ஈயம் கடினமானது. குழலைவிட்டு வெளியே வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும், அளவு பொய்யாகிவிடும். எதிர்பார்க்கும் பள்ள விட்டத்தைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம் அளவுக்குப் பெரிய துண்டாக எடுங்கள்.

குழலுக்குள் எண்ணெய் தொட்ட துணியை ஒருமுறை ஓட்டுங்கள். ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து, குழல்வாயில் ஈயத்தை வைத்து மரச்சுத்தியலால் தட்டினால், ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவி விழும். அதன் பிறகு பித்தளைக் கம்பியால் தள்ளுங்கள். கம்பியில் நான்கைந்து இடத்தில் டேப் சுற்றினால் குழலை உரசாது. மரக்குச்சி கூடவே கூடாது. சுத்தியல் அடியில் மரம் சாய்வாகப் பிளக்கும். பிளந்த நுனி ஈயத்துக்கும் குழலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்கிவிட்டால் அதை எடுப்பது ஒரு நாள் வேலை.

முதல் இரண்டு அங்குலம் தாண்டியதும் சுத்தியலை வைத்துவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். குழலின் குணம் இங்கே தெரியும். ஒரே சீரான இழுவையோடு போனால் நல்ல குழல். நடுவில் சட்டென வழுக்கினால் அந்த இடம் விரிந்திருக்கிறது. எப்போதோ குழலுக்குள் ஏதோ அடைத்திருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். அப்படியான குழலில் கனக்குண்டு வேண்டாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறிமுள் பொருத்திய இடத்திலும், பெயர் அழுத்திப் பொறித்த இடத்திலும் கொஞ்சம் இறுகுவது சகஜம்.

வெளியே வந்த ஈயத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குழலின் பள்ளங்கள் ஈயத்தில் மேடுகளாக, சாய்ந்த வரிகளாக நிற்கும். விளிம்புகள் கூர்மையாகவும் மேட்டின் முதுகு பளபளப்பாகவும் இருந்தால் ஈயம் பள்ளத்தின் அடிவரை நிரம்பியிருக்கிறது. முதுகு மங்கலாக, பழைய ஈயத்தின் சொரசொரப்போடு இருந்தால் அது பள்ளத்தைத் தொடவே இல்லை. பெரிய துண்டு எடுத்து மறுபடி செய்யுங்கள்.

எதிரெதிர் மேடுகளுக்கு நடுவே மைக்ரோமீட்டரால் அளப்பது பள்ள விட்டம். காலிப்பர் இந்த வேலைக்குத் தகாது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை நம்பிச் சொல்ல அதற்கு வலுவில்லை, அதன் கூர்மையான தாடை ஈயத்தையும் வெட்டும். நான்கு, ஆறு பள்ளக் குழல்களில் வேலை எளிது. .303 பிரிட்டிஷ் தோட்டாவுக்கான ராணுவ ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். 1895-இல் பிரிட்டிஷ் ராணுவம் மெட்ஃபோர்டு வகைக் குழலின் ஏழு பள்ளத்தை விட்டு என்ஃபீல்டு வகையின் ஐந்து பள்ளத்துக்குப் போனது. இரண்டுமே ஒற்றைப்படை. ஒவ்வொரு மேட்டுக்கும் எதிரே தாழ்வுதான் வரும், சாதா மைக்ரோமீட்டர் சிறிய எண்ணையே காட்டும். ஐந்து பள்ளத்துக்கு 108 பாகை வி-தாடை மைக்ரோமீட்டர் இருக்கிறது. அது இல்லையென்றால், 0.001 அங்குலப் பித்தளைத் தகட்டுத் துண்டை ஈயத்தைச் சுற்றி இறுக்கி, விளிம்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பிடித்துக்கொண்டு அளந்து, விடையிலிருந்து 0.002-ஐக் கழியுங்கள். என்ஃபீல்டு குழல்களில் 0.311 முதல் 0.316 வரை எதுவும் வரலாம். அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் குண்டு வாங்கிவிட்டு, பிறகு இலக்கில் குண்டுகள் சிதறுகின்றன என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

ஒரு துண்டோடு நிறுத்த வேண்டாம். இன்னொன்றைச் சேம்பர் பக்கமிருந்து இரண்டு அங்குலம் மட்டும் செலுத்தித் திரும்பத் தள்ளி எடுத்து, குழல்வாய் அளவோடு ஒப்பிடுங்கள். வாய்ப்பக்கம் பெரிதாக இருந்தால், யாரோ பல வருடம் முன்வாய் வழியாகவே சுத்தக் கம்பி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். செம்பு உறையிட்ட குண்டென்றால் பள்ள அளவுக்குச் சமமானது, வார்த்த ஈயக் குண்டென்றால் அதைவிட 0.001 முதல் 0.002 வரை பெரியது, இதுவே வாங்க வேண்டிய விட்டம்.

தோட்டாவின் பெயரில் வரும் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளின் பின்னால் சென்றபோது தோளில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். 300 கிரெய்ன் குண்டு. பெயர் .405, குண்டின் விட்டம் 0.411.

புரியின் சுழற்சி

கனக்குண்டு இலக்கில் பக்கவாட்டில் அறைந்தால் பழி எடை மேல் விழும். உண்மையில் குற்றவாளி நீளம். நீண்ட குண்டை நிலையாகச் சுழற்ற வேகமான புரி தேவை. செம்பாலேயே முழுதும் செய்த இன்றைய குண்டுகள் ஈயத்தைவிட இலேசான உலோகம் என்பதால், அதே எடைக்கு இன்னும் நீளமாக இருக்கும். பழைய ரைஃபிளில் அவை பலமுறை தோற்பது இதனால்தான்.

அளப்பது எளிது. கைப்பிடி தாராளமாகச் சுழலும் சுத்தக் கம்பி ஒன்றில் இறுக்கமான துணித்துண்டு மாட்டி, சேம்பர் பக்கமிருந்து தொண்டையைத் தாண்டும்வரை செலுத்துங்கள். கம்பியின் மேல் ஒரு டேப் கொடியை ஒட்டி, அது நேரே மேலே பார்க்கும்போது குழலின் விளிம்பு மட்டத்தில் கம்பியின் மேல் பேனாவால் ஒரு கோடு. கொடி ஒரு முழுச்சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை மெதுவாகத் தள்ளி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலான தூரம்தான் சுழற்சி. துணி வழுக்கினால் எண் பெரிதாகிவிடும், அதனால் மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். கொடி இடப்பக்கம் சுழன்றால் பயப்பட வேண்டாம், லீ-என்ஃபீல்டின் புரி இடஞ்சுழிதான்.

கணக்குக்கு 1879-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் தந்த சூத்திரமே இன்னும் போதும். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான சுழற்சி அங்குலத்தில் வரும். வேகம் நொடிக்கு 2800 அடியைத் தாண்டினால் 150-க்குப் பதில் 180. மூக்கு உருண்டையோ கூரோ, நீளத்தைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். இங்கே காலிப்பர் போதும்.

1903-இல் வந்த 6.5×54 மான்லிக்கர்-ஷோனவரையே எடுங்கள். சுழற்சி 200 மில்லிமீட்டர், அதாவது 7.87 அங்குலம். விட்டம் 0.264. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் 1.33 அங்குல நீளக் குண்டுவரை இந்தக் குழல் தாங்கும். அதன் 160 கிரெய்ன் உருண்டைமூக்குக் குண்டு சுமார் 1.25 அங்குலம். அந்தக் குண்டை நினைத்தே செய்த குழல் என்பது எண்ணிலேயே தெரிகிறது. 173 கிரெய்ன் குண்டோடு பிறந்த 7×57-உம் இப்படித்தான், அதன் சுழற்சி 220 மில்லிமீட்டர். இந்த வகை ரைஃபிள்களில் கனக்குண்டு ஏற்றுவது புதுச் சோதனை ஆகாது. அவை பிறந்த கணக்குக்குத் திரும்புவதுதான். என் பரிந்துரையும் அதுதான்: பழைய ஐரோப்பிய ரைஃபிளில் முதலில் அதன் ஆதி எடையை முயன்று பாருங்கள்.

மறுபக்கம் 1915-இன் .250-3000 சாவேஜ். நொடிக்கு 3000 அடி என்று விளம்பரப்படுத்த வேண்டும் என்பதற்காக 87 கிரெய்ன் குண்டு, 14 அங்குலச் சுழற்சி. 180-ஐப் போட்டுக் கணக்கிட்டாலும் 0.85 அங்குலத்துக்கு மேல் நீளக் குண்டு தாங்காது. பழைய சாவேஜ் குழல்களில் 100 கிரெய்ன் குண்டு ஒன்றில் நிற்கும், இன்னொன்றில் உருளும். 1955-இல் .244 ரெமிங்டனை 12 அங்குலச் சுழற்சியோடு விட்டவர்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். 100 கிரெய்ன் குண்டு வேண்டும் என்று கேட்ட வேட்டைக்காரர்கள் .243 வின்செஸ்டர் பக்கம் போனார்கள். 1963-இல் அதே தோட்டாவை 6 மிமீ ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, 9 அங்குலச் சுழற்சியோடு மறுபடி விட வேண்டியதாயிற்று.

சேம்பரும் தொண்டையும்

உருண்டைமூக்குக் கனக்குண்டுக்குச் செய்த குழலில் தொண்டை நீளமாக இருக்கும். அதில் இலேசான, குட்டையான குண்டு புரியைத் தொடும் முன் தூரம் தாண்டிக் குதித்து, சாய்ந்தே உள்ளே நுழையும். மாறாக, பிற்காலத்தில் மாற்றிய குட்டைத் தொண்டைக் குழலில் கனக்குண்டு ஏற்றினால் மூடும்போதே குண்டு புரியில் நெருங்கி அமர்ந்து அழுத்தத்தைக் கூட்டும். இரண்டையும் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

விரைவான வழி ஒன்று. வெறும் சேம்பரோடு போல்ட்டை மூடி, தட்டை நுனியுள்ள கம்பியைக் குழல்வாய் வழியாக விட்டு, போல்ட்டின் முகத்தைத் தொடும்போது குழல்வாய் மட்டத்தில் கம்பியில் கோடு போடுங்கள். போல்ட்டைத் திறந்து, ஏற்ற நினைக்கும் குண்டை மட்டும், பித்தளை உறையும் மருந்தும் இல்லாமல், சேம்பர் வழியாக விட்டு ஒரு பென்சிலால் புரியைத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். வாய்ப்பக்கக் கம்பியை மறுபடி விட்டு, குண்டின் மூக்கைத் தொடும்போது இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையிலான தூரம், அந்தக் குண்டு அந்தக் குழலில் புரியைத் தொடும் முழுத் தோட்டா நீளம். குண்டை மாற்றினால் இந்த அளவும் மாறும், மூக்கு வடிவம் வேறு என்பதால். தோட்டாக்களை அடுக்கும் மெகசினின் உள்நீளத்தையும் உடனே அளந்து எழுதுங்கள். புரி அனுமதித்தாலும் மெகசின் அனுமதிக்காத தோட்டா வேட்டைக்கு ஆகாது.

சேம்பர் எந்தத் தோட்டாவுக்கு வெட்டியது என்பதிலேயே சந்தேகம் இருந்தால் வார்ப்பு எடுக்க வேண்டும். அதற்கென விற்கும் செர்ரோசேஃப் உலோகம் 70 முதல் 88 பாகை செல்சியஸில் உருகும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தே உருக்கலாம். அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் சமையல் பாத்திரம் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், நேரடித் தீயில் காய்ச்ச வேண்டாம்.

தொண்டைக்கு ஒரு அங்குலம் முன்னே துணியால் குழலை அடைத்து, சேம்பருக்கு எண்ணெய் பட்டும் படாமல் பூசுங்கள். எண்ணெய் மிகுந்தால் வார்ப்பில் சுருக்கங்கள் விழும். குழலைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டால் உலோகம் அடுக்கடுக்காக உறையாது. சிறு புனலால் ஒரே சீராக ஊற்றி, சேம்பரின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மேலே வழிந்து போல்ட்டின் பூட்டுக்குழிகளில் இறங்கினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். செர்ரோசேஃப் முதல் அரைமணி சுருங்கும். அந்த நேரத்துக்குள் வாய்ப்பக்கமிருந்து தட்டி வெளியே எடுத்துவிடுங்கள். வார்த்து ஒரு மணி நேரமானதும் சேம்பரின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். மைக்ரோமீட்டர் போட வேண்டியது அப்போதுதான். நாட்கள் போனால் அது மெல்ல விரியும், அடுத்த வாரம் அளந்தால் பொய் சொல்லும். கழுத்தின் விட்டம், கழுத்து முடிந்து புரி தொடங்கும் தூரம், தொண்டையின் விட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். கழுத்து விட்டம் முக்கியம்: தடித்த பித்தளை உறையில் பெரிய குண்டு அமர்ந்தால், கழுத்து விரிய இடமில்லாமல் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் கூடும்.

லீ-என்ஃபீல்டு வைத்திருப்பவர்கள் ஹெட்ஸ்பேஸையும், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா ஊன்றி நிற்கும் இடத்துக்கும் நடுவிலான இடைவெளியையும், பார்த்துவிடுங்கள். .303 தன் விளிம்பில் நிற்கும் தோட்டா. 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், ராணுவ உச்சவரம்பான 0.074-இல் மூடக்கூடாது. நான்காம் எண் ரைஃபிளில் போல்ட் தலையில் 0, 1, 2, 3 என்று எண் இருக்கும், பெரிய எண்ணை மாட்டிச் சரிசெய்யலாம். இடைவெளி மிகுந்திருப்பதைச் சுட்ட உறையே காட்டும்: அடிப்பாகத்துக்கு மேல் ஒரு வளையம் பளிச்சென்று மின்னும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கி உறைக்குள் விட்டு உள்சுவரை மேலிழுத்துப் பாருங்கள். அந்த வளையத்துக்கு நேர் உள்ளே நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த உறையைத் தூக்கி எறியுங்கள். அடுத்த முறை அது இரண்டாகப் பிரியும்.

அட்டவணையும் காகிதச் சோதனையும்

எண்கள் கைக்கு வந்தபின் அட்டவணைக்குப் போகலாம். இலேசான குண்டின் மருந்தளவைக் கனக்குண்டுக்குப் போடவே கூடாது. கனக்குண்டு மெதுவாக நகர்வதால் அதன் பின்னால் அழுத்தம் அதிகமாகத் திரளும். பூட்டின் வலிமையைப் பொறுத்து அட்டவணையும் மாறும். .45-70 தோட்டாவுக்கு 1873-இன் பழைய டிராப்டோர் ரைஃபிள், லீவர் ரைஃபிள், நவீன ஒற்றைத் தோட்டா ரைஃபிள் என மூன்று தனி அட்டவணைகள் அச்சிடுகிறார்கள். மூன்றாவது அட்டவணைத் தோட்டா டிராப்டோரின் சேம்பரிலும் சிக்கலின்றி நுழையும், ஆபத்தே அதுதான். குழாய் மெகசின் லீவர் ரைஃபிளில் கூர்மூக்குக் குண்டு வேண்டாம். வரிசையில் முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமர் மேல் அந்தக் கூர் சாய்ந்திருக்கும். இரட்டைக் குழல் ரைஃபிளின் இரு குழல்களும் ஒரே ஒரு குண்டெடைக்கும் வேகத்துக்கும் சேர்த்துச் சீர் செய்யப்பட்டவை, அதன் மேல் பொறித்த எடையை விட்டு விலக வேண்டாம்.

ஏற்றிய பிறகு முதல் சோதனை 25 கெஜத்தில், அடுத்தது 50-இல், கெட்டிக் காகிதத்தில். துளை வட்டமாக, சுற்றிலும் சமமான கறுப்பு வளையத்தோடு இருந்தால் குண்டு நேரே போகிறது. நீள்வட்டமானால் தலையாட்டுகிறது. சாவித்துளை போல் நீண்டு கிழிந்திருந்தால் குழல் அந்தக் குண்டைத் தாங்கவில்லை. மருந்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் குட்டையான குண்டுக்கு மாறுங்கள். விளிம்பில் இருக்கும் ஒரு குண்டு கோடையில் சரியாகப் போய், குளிர்காலத்தில் காற்று அடர்ந்ததும் தலையாட்டத் தொடங்கும். கோடையில் தேர்ந்த தோட்டாவை, வேட்டைக்குக் கிளம்பும் மாதத்தின் குளிரில் இன்னொரு முறை அதே காகிதத்தில் அடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.